கவுண்டர் மேல் வைத்த இன்ச் டேப்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போகிற ஆள் நான். கடையில் வேலை செய்த காலத்தில், மூன்றாவது மாடியில் சேலை கட்டி நிறுத்தி வைப்போமே அந்த ஆளுயரப் பொம்மைகள், அவை தானாகவே இடம் மாறி நிற்கின்றன என்று ஒரு புரளி கிளம்பி, பாதிப் பெண்கள் மாடி ஏற மாட்டேன் என்று அழுதார்கள். நான்தான் போய்ப் பார்த்து, தரை துடைக்கிற அம்மா நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி சரியாக வைப்பதில்லை என்று கண்டுபிடித்து, எல்லோரையும் ஒரு பிடி பிடித்தேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் வயதான பொம்பளைக்கு வெயிலில் தலை சுற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் நித்யா அப்படித்தான் சொல்கிறாள்.

காஞ்சிபுரத்தில் துணிக்கடைக்குப் பஞ்சமில்லை, ஆனால் எங்களுடையது பட்டுக்கடை இல்லை. பலகையில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் ஊருக்கு அது மூணு மாடிக் கடை. கீழே பாத்திரம், பிளாஸ்டிக் வாளி, சோப்பு, சீப்பு. முதல் மாடியில் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். இரண்டாவது மாடி பெண்களுக்கு. மூன்றாவதில் சேலை, போர்வை, பாய், தலையணை. வெளியூர்க்காரர்கள் காரில் வந்து வேறு கடைகளில் பட்டு எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டுக்கு உள்பாவாடை வாங்க எங்களிடம் வருவார்கள். பட்டு நெய்கிற வீட்டுப் பெண்களோ எங்களிடம் வந்து சிந்தெடிக் சேலையும் நைட்டியும் எடுப்பார்கள், தீபாவளிக்குக்கூட. அதில் எனக்கு ஒரு சிரிப்பு உண்டு, வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

லிஃப்ட் இருந்தது. அதில் ஏறி இறங்குவதற்காகவே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், ஒரு சீப்பு வாங்கிவிட்டு நாலு தடவை மேலே போய் வருவார்கள், லிஃப்ட்காரர் திட்டிக்கொண்டே பட்டனை அழுத்துவார். முகூர்த்த மாதங்களில் வாசலிலேயே சின்ன கப்பில் ரோஸ்மில்க். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் கஞ்சி போட்ட புதுத்துணி வாசனையும் பாச்சா உருண்டை வாசனையும் சேர்ந்து ஒன்று வரும் பாருங்கள், அது இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் மல்லிகை, கடைச் செலவில். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, கையில் நித்யா, அடுத்த வேளைக்கு என்ன என்று தெரியாமல் நின்றவளுக்கு அந்தக் கடைதான் சோறு போட்டது. இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன், கடைசிப் பத்து வருடம் இரண்டாவது மாடிக்கு இன்சார்ஜ். அந்த மாடியில் என் வார்த்தைதான் சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு திமிர்.

ஆனால் ஒரு விஷயம் உண்டு. உட்காரக் கூடாது. காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரைக்கும் நிற்க வேண்டும், நடுவில் சாப்பாட்டுக்கு மட்டும் அரைமணி நேரம். உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்தால் வருகிறவர்களுக்கு வாங்கத் தோன்றாது என்பது முதலாளியின் கணக்கு. கூரையில் கேமரா வேறு. எங்கள் மாடியில் ஒரே ஒரு ஸ்டூல், கேமராவுக்குத் தெரியாதபடி டிரையல் ரூமுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். முடியாதவர்கள் முறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் போய் உட்காரலாம். யார் போகலாம், யார் போகக் கூடாது என்பதை நான்தான் சொல்வேன்.

வாடிக்கையாளர்கள் முன்னால் "அக்கா, உட்காரட்டுமா" என்று கத்த முடியாது அல்லவா, அதற்கு எங்களுக்குள் ஒரு ஜாடை வைத்திருந்தோம். எல்லாப் பெண்களும் இன்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருப்பார்கள். உட்கார வேண்டும் என்றால் அதைக் கழற்றிச் சுருட்டிக் கவுண்டர் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்க்க வேண்டும். நான் தலையாட்டினால் போகலாம். ஒரு விரலைத் தூக்கினால், இரு, இன்னும் ஒருத்தர் போகட்டும் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த விரலைத் தூக்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது, மூச்சு விடுவது போல ஆகிவிட்டது.

மேகலா எங்களிடம் பிளவுஸ் பிட் பிரிவில் இருந்தாள். திருமுக்கூடலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். அதிகம் பேச மாட்டாள், ஆனால் கண் அப்படி ஒரு கண், சேலையைக் காட்டினால் போதும், நூறு கட்டுக்குள் கை விட்டுச் சரியான கலரை உருவிவிடுவாள். கடையில் இன்ச் டேப் அடிக்கடி காணாமல் போகும், அதனால் அவள் தன்னுடையதன் நுனியில் பச்சைப் பட்டு நூலைச் சுற்றி அடையாளம் வைத்திருந்தாள். சுருட்டும்போது நூல் சுற்றிய நுனியை உள்ளே செருகி, முறுக்கு போல இறுக்கமாகச் சுருட்டுவாள். வேறு யாரும் அப்படிச் சுருட்ட மாட்டார்கள்.

அன்றைக்குக் கருடசேவை. வைகாசியில் பெருமாள் கருடன் மேல் புறப்படுகிற நாள், ஊரே நிரம்பி வழியும், சாமி பார்த்த கூட்டம் அப்படியே எங்கள் கடைக்குள் வந்து கொட்டும். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. மதியம் சாப்பாட்டு நேரத்தில் மேகலா டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி, சாப்புடல?"

"எறங்கலக்கா. நெஞ்சுல இன்னாவோ வச்சு அமுக்குனா மாரி இருக்குது."

"காலையில இன்னா துன்ன?"

"ஒண்ணும் இல்லக்கா. விடியறதுக்கு முன்னயே வந்து சாமி பாத்துக்கினு, அப்படியே கடைக்கு வந்துட்டேன்."

"அப்போ வாயுதான். ஒரு சோடா குடி, சரியா பூடும்."

இப்படித்தான் சொன்னேன். ஒரு சோடா குடி என்று. அந்த வாரம் முழுக்கவே அவள் அடிக்கடி டேப்பைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தாள், மற்ற பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள், இவளுக்கு இடம் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று என் மண்டையில் ஏறியிருந்தது. இரண்டு மணிக்கு டேப்பைச் சுருட்டிக் கவுண்டர் மேல் வைத்தாள். நான் விரலைத் தூக்கினேன். சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று மணிக்கு மறுபடியும் வைத்தாள். என்னிடம் ஒரு கல்யாண வீட்டுக் கும்பல், பன்னிரண்டு உள்பாவாடை வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தது. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. விரலைத் தூக்கினேன். அப்போதும் தலையாட்டினாள். டேப்பை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து பிளவுஸ் பிட் கட்டு ஒன்றை எடுக்கக் குனிந்தாள். எழுந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை என்றார்கள். "உட்கார வச்சிருந்தா பொழச்சிருப்பாளா டாக்டர்?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மறுநாள் அவளுடைய பையில் டிபன் பாக்ஸ், சீப்பு, கோயிலில் வாங்கிய குங்குமப் பொட்டலம், பச்சை நூல் சுற்றின அந்த இன்ச் டேப் எல்லாவற்றையும் என் கையால் எடுத்து வைத்துத் திருமுக்கூடலுக்குக் கொண்டுபோய் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அந்த டேப்பை என் கையால் கொடுத்தேன். அந்தம்மா டேப்பை மட்டும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விரல் விஷயத்தை நான் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் யாரும் அந்தம்மாவிடம் சொல்லவில்லை.

பிறகு அரசாங்கமே கடையில் வேலை செய்கிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்தது. என்னுடையதில் நான் ஒரு நாளும் உட்காரவில்லை. அப்புறம் கூட்டம் குறைந்தது. எல்லோரும் போனிலேயே துணி வாங்குகிறார்கள், பெரிய கல்யாணம் என்றால் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் ரோஸ்மில்க் நின்றது, பிறகு மல்லிகை நின்றது, பிறகு லிஃப்ட். கடைசியில் ஒரு நாள், அந்த மாதச் சம்பளத்தையும் ஒரு பை சாமானையும் கையில் கொடுத்து, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். செவிலிமேட்டில் நித்யாவோடு இருக்கிறேன். அவள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட், பகலில் வீட்டில் இருப்பாள். ஒரு பழைய தையல் மெஷினை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துப் பிளவுஸ்களுக்கு ஓரம் அடித்துக் கொக்கி வைத்துக் கொடுத்துப் பொழுதைத் தள்ளுகிறேன். எங்கே போனாலும் என் கால் நின்றுகொண்டே இருக்கிறது, யாராவது உட்காருங்கள் என்றால்தான் எனக்கு உட்காரவே தோன்றுகிறது.

போன சித்திரையில் எங்கள் கடை வாட்ச்மேன் சையது பாய் போன் செய்தார். கடை மூடிய பிறகும் அந்தக் கட்டடத்தைக் காவல் காத்துக்கொண்டு அவர் ஒருவர்தான் மிச்சம். "கவுண்டர் எல்லாம் பிரிக்கிறானுங்கமா. பழைய ஆளுங்க வந்து வேணும்னா எதுனா எடுத்துக்கினு போலாம்னு மொதலாளி சொல்லிக்கீறாரு. கடைசியா ஒரு தபா பாத்துட்டுப் போ" என்றார். எனக்கு எதுவும் வேண்டாம், ஆனால் போனேன். மதியம் மூன்று மணி இருக்கும். அந்த நேரத்துக்குப் போக வேண்டும் என்று நான் யோசிக்கவில்லை, பஸ் அப்போதுதான் கிடைத்தது.

"வாம்மா இன்சார்ஜு, எப்படி கீற? மேல யாரும் இல்ல, ஆளுங்க சாப்புட போயிக்கீறானுங்க. கரண்ட் கட் பண்ட்டானுங்க, பாத்து ஏறு."

ஏறினேன். முதல் மாடியில் அலமாரி எல்லாம் பிடுங்கியாகிவிட்டது, சுவரில் ஆணி ஓட்டைகள்தான். இரண்டாவது மாடியில் இன்னும் கை வைக்கவில்லை. வெளிச்சத்துக்கு ஒன்றும் குறைவில்லை, ரோட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது, கீழே பஸ் ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது. இருட்டில் எதையோ பார்த்து மிரண்டேன் என்று நினைக்காதீர்கள். படி முடிகிற இடத்தில், வழக்கமாக நான் நிற்கிற தூண் பக்கத்தில் போய் நின்றேன். கால் தானாக அங்கேதான் போயிற்று.

பிளவுஸ் பிட் கவுண்டருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் கடை மெரூன் யூனிஃபார்ம் சேலை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமே வரவில்லை. பழைய ஆள் யாரோ என்னைப் போலவே பார்க்க வந்திருக்கிறாள் போல, என்றுகூட நினைக்கவில்லை, ஒன்றுமே நினைக்கவில்லை. இருபது வருடமாகப் பார்த்த காட்சி, கண்ணுக்கு அது சரியாகவே பட்டது. அவள் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றினாள். மெதுவாகச் சுருட்டினாள், நுனியை உள்ளே செருகினாள். கவுண்டர் மேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான் விரலைத் தூக்கினேன்.

இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துத் தூக்கவில்லை. என் பின்னால் ஒரு கூட்டமும் இல்லை, கல்யாண வீடு இல்லை, முதலாளி இல்லை, கேமராவைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயாகிவிட்டது. கடையே இல்லை. தலையை ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும். போம்மா, போய் உட்காரு என்று வாய் விட்டே சொல்லியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? இத்தனை வருடமாக ராத்திரி பகலாக, அந்த ஒரு நிமிடம் திரும்பக் கிடைத்தால் என்று எத்தனை சாமியிடம் கேட்டிருப்பேன். கிடைத்தது. கிடைத்தபோது என் கை அதே விரலைத் தூக்கியது.

அவள் சரியென்று தலையாட்டினாள், கோபமே இல்லாமல். கீழ்த்தட்டுப் பக்கம் குனிந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மேகலா, இருடி, வேணாம், உக்காரு, உக்காருடி" என்று கத்திக்கொண்டே ஓடினேன். கவுண்டரைச் சுற்றிப் போனால் யாரும் இல்லை. கீழ்த்தட்டில் எலி கடித்த அட்டைப்பெட்டி ஒன்று கிடந்தது. கவுண்டர் கண்ணாடி மேல் விரல் கனத்துக்குத் தூசி, ஒரு கை ரேகை இல்லை, ஒரு கீறல் இல்லை. அந்தத் தூசியின் நடுவில் இன்ச் டேப், முறுக்கு போல இறுக்கமாகச் சுருட்டி, நுனி உள்ளே செருகி. அதன் மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. உருவிப் பார்த்தேன். நுனியில் பச்சை நூல்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த மாடியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கீழே வந்தபோது சையது பாய் என்னைப் பார்த்து எழுந்துவிட்டார். "இன்னாமா, மூஞ்சி இப்படி வெளுத்துக்கினு கீது?"

"எனக்கு முன்ன யாருனா மேல போனாங்களா பாய்?"

"அல்லா மேல ஆணை, ஒரு ஈ காக்கா போவல. நான் இங்கயே தான் குந்திக்கினு இருக்கேன்." என் கையைப் பார்த்தார். "அவ்ளோ பெரிய கடையில இந்த டேப்பு ஒண்ணு தான் எடுத்தியா?"

திருமுக்கூடலுக்குப் போய் அந்தம்மாவிடம், உங்கள் வீட்டில் மேகலாவின் டேப் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும் என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இரண்டு தடவை போனேன். பஸ் வந்தது, ஏறவில்லை. இருக்கிறது என்று சொன்னாலும் என்னால் தாங்க முடியாது, இல்லை என்று சொன்னாலும் தாங்க முடியாது. அதோடு அந்தம்மா ஏன் கேட்கிறாய் என்று கேட்டால் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். டேப்பை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். என் கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். தினமும் மதியம் படுப்பதற்கு முன்னால் அந்த நாற்காலியைப் பார்த்து, "உக்காரும்மா மேகலா, எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காரு" என்று சொல்வேன். நித்யா முதலில் சிரித்தாள், அப்புறம் டாக்டரிடம் போகலாம் என்றாள், இப்போது அந்த நாற்காலியை நகர்த்தாமல் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போகிறாள்.

ஆனால் ஒரு நாள் மதியம் நான் தூங்கி எழுந்ததும் அவள் வந்து கேட்டாள். "ஏம்மா, தூக்கத்துல யார 'இரு'ன்னு சொல்லிக்கினு இருக்க?"

"இன்னாடி ஒளர்ற?"

"தெனமும் பாக்குறேன். மூணு மணி ஆனா நீ தூக்கத்துல ஒரு விரல தூக்குற. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிருந்துட்டு எறக்குற."

விழித்துக்கொண்டு உட்காரு உட்காரு என்று ஆயிரம் தடவை சொல்லி என்ன பிரயோஜனம், தூங்கினால் இன்னும் நிற்க வைத்துக்கொண்டிருக்கிறேனே. அதிலிருந்து மதியத்தில் தூங்குவதில்லை என்று முடிவு செய்தேன், இந்த வயதில் அது நடக்கிற காரியமா, கண் தானாகச் செருகுகிறது. அதனால் படுக்கும்போது ஆள்காட்டி விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒரு துணிக் கிழிசலால் கட்டிக்கொண்டு படுக்கிறேன். நீங்கள் சிரித்தாலும் சரி.

போன வாரம் நித்யா அவள் சிநேகிதி கல்யாணத்துக்குப் போயிருந்தாள். நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, விரலைக் கட்டிக்கொண்டு படுத்தேன். எழுந்தபோது மணி மூன்றரை. துணிக் கிழிசல் முடிச்சு அவிழ்ந்து தலையணை மேல் கிடந்தது. பீரோ பூட்டியபடியே இருந்தது, சாவி இடுப்பில்தான் இருந்தது. நாற்காலி காலியாக இருந்தது. தையல் மெஷின் மேல், முறுக்கு போலச் சுருட்டி, பச்சை நூல் சுற்றின நுனி உள்ளே போகும்படி செருகி, அந்த டேப் இருந்தது.

அவள் வந்து கேட்டிருக்கிறாள். தூக்கத்தில் நான் என்ன பதில் சொன்னேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.